லாபம் யாருக்கு, கைவிட்டது எதை?

தேர்தல் நேரத்தில் ஒரு கட்சி, நேற்றுவரை திட்டிக்கொண்டிருந்த கட்சியோடு கைகோக்கிறது. மறுநாள் ஓர் ஆங்கில நாளேடு அதை ‘ப்ராக்மாட்டிக்’ என்று எழுதுகிறது. இன்னொன்று ‘எக்ஸ்பீடியன்ட்’ என்கிறது. மூன்றாவது ‘ஆப்பர்சூனிஸ்டிக்’ என்று ஒரே போடாகப் போடுகிறது. நடந்தது ஒரே கூட்டணிதான். மூன்றையும் தமிழில் தரவேண்டிய துணையாசிரியர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘சந்தர்ப்பவாதம்’ என்று போட்டுவிட்டால், முதல் நாளேடு சொல்லாத குற்றச்சாட்டை அதன் வாயில் திணித்ததாகிவிடும். எல்லாவற்றுக்கும் ‘நடைமுறைக்கு உகந்த’ என்று போட்டால், மூன்றாவது நாளேட்டின் பல்லைப் பிடுங்கியதாகிவிடும்.

காரியம் பார்த்து எடுக்கும் முடிவுகளைக் குறிக்க ஆங்கிலத்தில் இருபதுக்குமேல் சொற்கள் புழங்குகின்றன. பார்வைக்கு இவை பெயரடைகள். உள்ளே இருப்பது தீர்ப்பு. எழுதியவர் என்ன தீர்ப்புச் சொல்கிறார் என்று பிடிபடாதவரை அகராதி உதவாது. அகராதியில் எல்லாவற்றுக்கும் எதிரே ஏறக்குறைய அதே நான்கு தமிழ்ச் சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே வாக்கியத்தை வாசித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். லாபம் யாருக்குப் போனதாக எழுதியவர் நினைக்கிறார்? அந்த லாபத்துக்காக எது கைவிடப்பட்டதாக நினைக்கிறார்? அந்த லாபம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று நினைக்கிறார்? மூன்றில் நடுக்கேள்விக்குத்தான் எடை அதிகம். அதற்குப் பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால் சொல் பாராட்டாக இருக்கும். ‘ஒரு கொள்கை’ என்றால் கண்டனமாக இருக்கும்.

எக்ஸ்பீடியன்ட்: கோட்டு போட்டால் ஒரு முகம், கழற்றினால் ஒரு முகம்

இந்தக் குடும்பத்திலேயே அதிகமாகக் காலை வாரிவிடும் சொல் இது. லத்தீனில் காலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்பது இங்கே பொருத்தம்தான். காலில் மாட்டிய தளையை அவிழ்த்துவிடுவதுதான் இதன் மூலப்பொருள். அதே தளையை மாட்டிவிடுவதற்கான சொல்லிலிருந்து ‘இம்பீட்’, ‘இம்பெடிமென்ட்’ ஆகிய தடைச் சொற்கள் வந்தன. கால் விடுபட்டால் வேகம் வரும். ஷேக்ஸ்பியர் காலத்தில் எக்ஸ்பீடியன்ட் என்றால் ‘விரைவான’ என்றே பொருள்பட்டது. அவருடைய ஜான் மன்னன் நாடகத்தில் படை விரைந்து வருவதற்கு இந்தச் சொல்தான்.

அந்தப் பொருள் இன்று செத்துவிட்டது. விரைவுக்கு இப்போது ‘எக்ஸ்பெடிஷியஸ்’ இருக்கிறது. ஆனால் நம் அலுவலகக் கடிதங்களில் ‘தயவுசெய்து எக்ஸ்பீடியன்ட் நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரைந்து செய்யுங்கள் என்று கேட்பதாக அவர்கள் நினைப்பு. ஆங்கிலம் அறிந்த அதிகாரி அதை ‘நியாயம் கிடக்கட்டும், உங்களுக்கு எது சௌகரியமோ அதைச் செய்யுங்கள்’ என்றுகூட வாசிக்கலாம். சில அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு எந்தக் களங்கமும் இல்லை. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டமும் 1872-இன் ஒப்பந்தச் சட்டமும் தங்கள் முகவுரையில், இப்படியொரு சட்டம் செய்வது எக்ஸ்பீடியன்ட் என்று சொல்லித்தான் தொடங்கின. அரசியலமைப்பின் 249, 312 ஆகிய பிரிவுகளில், ஒரு பொருளை நாடாளுமன்றம் கையிலெடுப்பது தேச நலனுக்கு ‘நெசஸரி ஆர் எக்ஸ்பீடியன்ட்’ என்று மாநிலங்களவை தீர்மானிக்கலாம் என்று இருக்கிறது. முதற்சொல் இல்லாமல் முடியாததைக் குறிக்கிறது. இரண்டாவது, இல்லாமலும் ஓட்டலாம், இருந்தால் நல்லது என்பதைக் குறிக்கிறது. இங்கே தமிழில் ‘உகந்தது’ என்று எழுதினால் போதும். ‘ஆதாயமானது’ என்று எழுதினால் மாநிலங்களவையின்மேல் அவதூறு எழுதியதாகிவிடும்.

சட்டப் புத்தகத்துக்கு வெளியே வந்ததும் சொல் நிறம் மாறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, சரியானதை ஒதுக்கிவிட்டு இலாபமானதைப் பிடித்துக்கொள்வது என்ற நெடி இதில் ஏறத் தொடங்கியது. அது எவ்வளவு ஆழமாக ஏறியது என்று பார்க்க விரும்புகிறவர்கள் யோவான் சுவிசேஷத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். பதினோராம் அதிகாரத்தில், ஜனங்களுக்காக ஒரு மனிதன் சாவது நமக்கு நல்லது என்று பிரதான ஆசாரியன் காய்பா சொல்கிறான். பதினாறாம் அதிகாரத்தில், நான் போவது உங்களுக்கு நல்லது என்று இயேசு சீடர்களிடம் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். 1611-இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு இரண்டு இடத்திலும் எக்ஸ்பீடியன்ட் என்றே போட்டது. 1946-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு காய்பாவின் வாயில் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவைத்து, இயேசுவின் வாயிலிருந்து மட்டும் எடுத்துவிட்டது. அங்கே ‘உங்களுக்கு நன்மை’ என்ற பொருளில் வேறு சொல் வந்தது. முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அந்தச் சொல், ஒரு நிரபராதியைக் கொல்லத் திட்டமிடுகிறவன் பேசுவதற்கு மட்டுமே ஏற்றதாகிவிட்டது.

இந்தக் கறையைப் பற்றி வெளிப்படையாகக் கவலைப்பட்டவர் ஜான் ஸ்டூவர்ட் மில். பயன்பாட்டுவாதத்தைப் பற்றி அவர் 1861-இல் எழுதியபோது, எதிரிகள் அவருடைய கொள்கையை ‘எக்ஸ்பீடியென்சி’ என்று பெயரிட்டுக் கேவலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மில் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். கெட்ட பொருளில் அது செய்கிறவனின் சொந்த லாபத்தைக் குறிக்கும். நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள நாட்டின் நலனை விற்கும் அமைச்சர் அவர் தந்த உதாரணம். அதைவிடக் கொஞ்சம் நல்ல பொருளிலும், உடனடியான ஒரு தேவைக்காக, நீண்ட நாள் பயன்தரும் விதியொன்றை மீறுவதையே குறிக்கும். தர்மசங்கடத்திலிருந்து தப்பிக்கச் சொல்லும் பொய் அந்த வகை. இந்தப் பகுப்பு மொழிபெயர்ப்பாளனுக்கு இன்றும் கைகொடுக்கும். ஒன்று, சுயலாபத்துக்காக. மற்றொன்று, அப்போதைக்காக. ‘பொலிட்டிகல் எக்ஸ்பீடியென்சி’ என்று தலையங்கத்தில் வந்தால் பெரும்பாலும் முதல் வகை. ‘அரசியல் ஆதாயம் கருதி’ என்பது அங்கே சரியாக உட்காரும். இரண்டாம் வகைக்கு ‘அப்போதைக்கு ஒப்பேற்றும்’ என்ற பேச்சுத் தமிழை விஞ்ச ஒன்றும் இல்லை. எழுத்துத் தமிழ்தான் வேண்டுமென்றால் ‘தற்காலிகச் சௌகரியத்துக்கான’ எனலாம். உயிர் கொஞ்சம் போய்விடும்.

பெயர்ச்சொல்லாக, ‘ஆன் எக்ஸ்பீடியன்ட்’ என்று வந்தால் மறுபடியும் குற்றமில்லை. அது ‘உபாயம்’. கதவு திறக்காதபோது சன்னல் வழியாக ஏறிக் குதிப்பது ஓர் உபாயம். அதில் யாருடைய கொள்கையும் சாகவில்லை.

ப்ராக்மாட்டிக்: பழைய வம்புக்காரன், இன்றைய நல்லபிள்ளை

இந்தச் சொல்லின் பயணம் எதிர்த் திசையில் போனது. கிரேக்கத்தில் செயலைக் குறித்த வேரிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒருவரை ப்ராக்மாட்டிக் என்றால், அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்கிறவர், தான் சொல்வதே சரி என்கிறவர் என்று அர்த்தம். பழைய உரைநடையை மொழிபெயர்க்கிறவர்கள் இதை மறந்தால், திட்டு வாங்கும் பாத்திரத்துக்குப் பாராட்டு விழா நடத்திவிடுவார்கள். 1713-இல் ஆறாம் சார்லஸ் பேரரசர் தம் வாரிசுரிமைக்காகப் பிறப்பித்த ‘ப்ராக்மாட்டிக் சாங்ஷன்’ இந்த இரண்டு பொருளிலும் சேராது. அது அரசாணைக்கான சட்டப் பெயர். அங்கே ‘நடைமுறை’ என்ற சொல்லைக் கொண்டுவரவே கூடாது.

இன்றைய பாராட்டுப் பொருளுக்குப் பின்னால் அமெரிக்கத் தத்துவம் இருக்கிறது. சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் தொடங்கி வைத்ததை, வில்லியம் ஜேம்ஸ் 1907-இல் ‘ப்ராக்மாட்டிசம்’ என்ற தலைப்பிலேயே புத்தகமாகப் போட்டுப் பரப்பினார். ஒரு கருத்து நடைமுறையில் என்ன வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது என்பது ஏறக்குறைய அதன் சாரம். பெயர் கண்டபடி இழுபடுவதைப் பார்த்த பியர்ஸ் 1905-இலேயே தம் கொள்கைக்கு ‘ப்ராக்மாட்டிசிசம்’ என்று வேறு பெயர் வைத்தார். யாரும் கடத்திப்போகத் துணியாத அளவுக்கு அது அவலட்சணமான பெயர் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் நினைத்தது பலித்தது.

இப்போதைய பத்திரிகை ஆங்கிலத்தில் ப்ராக்மாட்டிக் என்பதற்கு எதிர்ச்சொல் ‘ஐடியலாஜிகல்’, அதாவது சித்தாந்தத்தில் பிடிவாதமாக நிற்பது. சீனத்தின் டெங் சியாவ்பிங் பெயருக்கு முன்னால் இந்த அடைமொழி ஒட்டிக்கொண்டே வருவது அதனால்தான். எலியைப் பிடித்தால் பூனையின் நிறம் எதுவானாலும் சரி என்று அவர் 1962-இல் எடுத்துக்காட்டிய சிச்சுவான் பழமொழி உலகப் பிரசித்தம். கைவிடப்பட்டது வெறும் கோட்பாடு, கிடைத்தது பலருக்கான பயன் என்று எழுதியவர் நம்பினால் இந்தச் சொல்லைப் போடுவார். அவர் நம்புவது உங்களுக்கு ஒப்பாமல் இருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் நீங்கள் அவருடைய பக்கம்தான் உட்கார வேண்டும். ‘நடைமுறை அறிந்த’, ‘யதார்த்தம் உணர்ந்த’ என்று எழுதுங்கள். ‘நடைமுறைவாதி’ என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் தமிழில் ‘வாதி’ ஒட்டிய எதுவும் பாதி குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இதை ‘ப்ராக்டிகல்’ என்பதோடு குழப்புகிறவர்களும் உண்டு. செருப்பு, சமையலறை, சட்டை, ஆலோசனை எல்லாம் ப்ராக்டிகலாக இருக்கலாம். செருப்பு ஒருநாளும் ப்ராக்மாட்டிக் ஆகாது. முடிவெடுக்கும் மனிதரும் அவருடைய அணுகுமுறையும்தான் அப்படி ஆக முடியும். ‘யூட்டிலிட்டேரியன்’ என்று ஒரு கட்டடத்தைச் சொன்னால் பயன்பாட்டுவாதிகளான மில்லையும் பெந்தாமையும் தேடாதீர்கள். அலங்காரம் இல்லாமல், காரியத்துக்கு மட்டும் கட்டிய மொட்டைக் கட்டடம் என்று அர்த்தம்.

ஆப்பர்சூனிஸ்ட்: துறைமுகக் காற்று

‘ஆப்பர்சூன்’ என்பது துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றுக்கு ரோமானிய மாலுமிகள் சொன்ன சொல்லிலிருந்து வந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்ன நம் உழவர்களுக்கு இது உடனே புரியும். காற்றைப் பயன்படுத்துவதில் பாவமில்லை. அதனால் ‘ஆப்பர்சூன்’, ‘ஆப்பர்சூனிட்டி’ இரண்டும் நல்ல சொற்கள். அதே வேரில் பிறந்த ‘ஆப்பர்சூனிஸ்ட்’ மட்டும் கெட்டுப்போனது பிரெஞ்சு அரசியலில். பாரிஸ் கம்யூன் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு வேண்டும் என்ற கோரிக்கைக்கு, அதற்கு உகந்த நேரம் வரட்டும் என்று இழுத்தடித்த கம்பெட்டா என்ற தலைவரின் மிதவாதக் குடியரசுக்காரர்களை ஆன்றி ரோஷ்ஃபோர் என்ற பத்திரிகையாளர் இந்தப் பெயரால் குத்தினார். பிறகு லெனின் கையில் அது சோஷலிஸ்டுகள் ஒருவரையொருவர் அடிக்கும் கட்டையாயிற்று. நம்முடைய ‘சந்தர்ப்பவாதி’யும் பெருமளவு அந்த இடதுசாரி வழியில் வந்தவர்தான்.

எக்ஸ்பீடியன்டுக்கும் இதற்கும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. எக்ஸ்பீடியன்ட் என்பது ஒரு முடிவைக் குறித்த தீர்ப்பு. நல்லவர்கூட ஒரு நாள் அப்படி ஒரு முடிவு எடுக்கலாம். ஆப்பர்சூனிஸ்ட் என்பது ஆளைக் குறித்த தீர்ப்பு. கைவிட அவரிடம் கொள்கை என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம் என்று அது சொல்கிறது.

இரண்டு இடங்களில் இந்த நஞ்சு இறங்கிவிடும். கால்பந்து வருணனையில் ஆப்பர்சூனிஸ்ட் கோல் என்றால், கிடைத்த இடைவெளியில் சட்டென்று அடித்தது. அது பாராட்டு. மருத்துவத்தில் ‘ஆப்பர்சூனிஸ்டிக் இன்ஃபெக்ஷன்’ என்றால், உடலின் எதிர்ப்புசக்தி குறைந்த நேரம் பார்த்துத் தொற்றுவது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் சில நிமோனியாக்கள் அப்படிப்பட்டவை. தமிழில் இதைச் ‘சந்தர்ப்பவாத நோய்த்தொற்று’ என்று எழுதுகிறார்கள். கிருமிக்கு என்ன வாதம்? எந்தக் கட்சியை விட்டு எந்தக் கட்சிக்கு அது தாவியது? ‘எதிர்ப்புசக்தி குறைந்தால் தாக்கும் தொற்று’ என்று கொஞ்சம் நீட்டிச் சொன்னாலும் நோயாளிக்குப் புரியும்.

ப்ரூடன்டும் மெர்சினரியும்: எலிசபெத் பென்னட் கேட்ட கேள்வி

லாபம் தனக்குத்தான் என்று வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் பாராட்டும் பழியும் எப்படிப் பிரிகின்றன? இதை ஜேன் ஆஸ்டின் 1813-இலேயே ‘ப்ரைட் அண்ட் ப்ரிஜுடிஸ்’ நாவலில் கதையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார். விக்காம் என்ற கையில் காசில்லாத இளம் ராணுவ அதிகாரியோடு நாயகி எலிசபெத் நெருங்கிப் பழகும்போது, அவளுடைய அத்தை கார்டினர் எச்சரிக்கிறாள். இருவரிடமும் பணமில்லாத கல்யாணம் இம்ப்ரூடன்ட், முன்யோசனை இல்லாதது என்கிறாள். சில மாதங்களில் விக்காம், பத்தாயிரம் பவுன் சொத்து வந்த வேறொரு பெண்ணின் பக்கம் திரும்புகிறான். இப்போது அதே அத்தை, அவன் மெர்சினரி, பணத்துக்கு விலைபோனவன் என்று நினைக்க வருத்தமாக இருக்கிறது என்கிறாள். எலிசபெத் விடவில்லை. கல்யாண விஷயத்தில் இந்த இரண்டு நோக்கத்துக்கும் என்ன வேறுபாடு, விவேகம் எங்கே முடிந்து பேராசை எங்கே தொடங்குகிறது என்று அத்தையை மடக்குகிறாள்.

கேள்வி நியாயமானது. பணமில்லாதவளைக் கட்டினால் அறிவில்லை, பணமுள்ளவளைக் கட்டினால் மானமில்லை என்றால் மனிதன் என்னதான் செய்வான்? அத்தை பதிலுக்கு, அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்று விசாரிக்கப் போகிறாள். அவளை அறியாமலேயே சரியான இடத்தைத் தொட்டுவிடுகிறாள். பணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவன் ப்ரூடன்ட். பணத்தைத் தவிர வேறெதையும் கணக்கில் சேர்க்காதவன் மெர்சினரி. அந்தச் சொல்லின் லத்தீன் வேரும் கூலிதான். கூலிப்படைக்காரனுக்கும் அதே சொல். அவனுக்கும் எந்தக் கொடி என்பது கணக்கில்லை.

அதே நாவலில் எலிசபெத்தின் தோழி ஷார்லட், இருபத்தேழு வயதில், அசட்டுப் பாதிரியாரான காலின்ஸை வீடும் வருமானமும் கருதி மணக்கிறாள். அதைப் பற்றி நாயகன் டார்சியிடம் பேசும்போது எலிசபெத் ஒரு சின்ன சொல்லாட்டம் ஆடுகிறாள். அது அறிவான காரியமா என்று தனக்கு நிச்சயமில்லை, ஆனால் ‘ப்ரூடென்ஷியல்’ வெளிச்சத்தில் நல்ல சம்பந்தம்தான் என்கிறாள். ப்ரூடன்ட் என்று சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பாள். ப்ரூடென்ஷியல் என்றபோது, கணக்குப் புத்தகத்தின்படி சரி என்று மட்டும் சொல்கிறாள். இன்று ரிசர்வ் வங்கி வகுக்கும் ‘ப்ரூடென்ஷியல் நார்ம்ஸ்’ அந்தக் கணக்குப் புத்தகப் பொருளில்தான். அங்கே ‘விவேக நெறிகள்’ என்று எழுதினால் திருக்குறள் வகுப்பு நடப்பதுபோல் இருக்கும். ‘முன்னெச்சரிக்கை விதிகள்’ போதும்.

ப்ரூடன்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அறக்கட்டளைப் பணத்தைப் பங்குகளில் போட்டு, அதன் மதிப்பு குறைந்துபோனதற்காக அதன் பொறுப்பாளர்கள்மேல் ஹார்வர்ட் கல்லூரி தொடுத்த வழக்கில், மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1830-இல் ஒரு விதியை வகுத்தது. விவேகமுள்ள மனிதர்கள் தங்கள் சொந்தக் காரியத்தைக் கவனிப்பதுபோல் கவனித்தார்களா என்பதே கேள்வி. பணம் கரைந்தது மட்டும் குற்றமாகாது. ‘ப்ரூடன்ட் மேன்’ விதி என்று அது இன்றும் வாழ்கிறது. இதிலிருந்து ஒரு பிரிவு கிடைக்கிறது. ப்ரூடன்ட் என்பதை, முடிவெடுத்த நேரத்தில் எப்படி யோசித்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறோம். ப்ராக்மாட்டிக் என்பதைப் பயன் கிடைத்ததா என்று பார்த்துச் சொல்கிறோம். நஷ்டப்பட்ட ப்ரூடன்ட் முதலீட்டாளர் இருக்க முடியும். ஒன்றுமே நடக்காத ப்ராக்மாட்டிக் தீர்வு என்றால் சிரிப்புத்தான் வரும்.

மற்றவை

‘ஷ்ரூட்’ இடைக்கால ஆங்கிலத்தில் கெட்டவனைக் குறித்தது. காலப்போக்கில் புண்ணியம் தேடிக்கொண்டு இன்று ‘கெட்டிக்காரத்தனமான’ என்று நிற்கிறது. ‘கன்னிங்’ அறிவைக் குறித்துத் தொடங்கித் ‘தந்திர’மாகக் கீழே இறங்கியது. இரண்டும் படிக்கட்டில் ஒருவரையொருவர் கடந்து போயிருக்கின்றன.

‘கேல்குலேட்டட் ரிஸ்க்’ எடுத்தவர் நிதானி. ‘கேல்குலேட்டிங்’ மனிதர், உறவிலும் கணக்குப் பார்க்கிறவர். விகுதி ஒன்றுதான் மாறியது. சிபாரிசுக் கடிதத்தில் இரண்டாவதை எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்காது.

‘பாலிடிக்’ கொஞ்சம் பழைய வாசனை உள்ள சொல். அழுத்தம் முதல் அசையில் விழும். அரசியலோடு தொடர்பே இல்லாமல், இங்கிதம் தெரிந்து, இடம் பார்த்து நடப்பதைக் குறிக்கும். மேலதிகாரியின் மகள் கல்யாணத்தில் சாப்பாட்டைக் குறைசொல்வது ‘இம்பாலிடிக்’. இந்த எதிர்மறை வடிவம்தான் இன்று அதிகம் கண்ணில் படும்.

‘செல்ஃப்-இன்ட்ரஸ்ட்’ என்று பொருளியலில் வந்தால் உடனே ‘சுயநலம்’ என்று எழுதாதீர்கள். ஆடம் ஸ்மித் 1776-இல் பேசிய இறைச்சிக்கடைக்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் தங்கள் நலனைப் பார்த்தார்கள், யாரையும் ஏமாற்றவில்லை. ‘தன்னலன்’, ‘தன் நலனில் அக்கறை’ என்றால் நடுநிலை காப்பாற்றப்படும். ‘சுயநலம்’ முழுதும் ‘செல்ஃபிஷ்’ என்பதற்கே. ‘செல்ஃப்-சர்விங்’ பெரும்பாலும் பேச்சையும் விளக்கத்தையும் தொற்றி வரும்: தன்னை நியாயப்படுத்த ஒருவர் தானே ஜோடித்துக்கொண்ட கதை. ஒருவர் தனக்குச் சாதகமாகத் தானே சொன்னதைத் தனக்கே சாட்சியாக்குவதற்கு 1872-இன் சாட்சியச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, 21-ஆம் பிரிவில் இடம் தரவில்லை. வக்கீல்கள் இந்தச் சொல்லை ஆசையோடு பயன்படுத்துவது அந்த வழக்கத்தால்தான்.

‘டிரிம்மர்’ என்றால் இரு கட்சிக்கும் நல்லவர், நம் ஊரில் பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன். ஆனால் ஹாலிஃபாக்ஸ் பிரபு 1680-களில் அந்த வசைப்பெயரையே எடுத்துக்கொண்டு, படகு ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கம் போய் உட்காருகிறவன்தான் டிரிம்மர் என்று பெருமையாக எழுதினார். ‘டைம்-சர்வர்’ முன்பு காற்றடிக்கும் பக்கம் சாய்கிறவர். இப்போது பென்ஷன் வரும்வரை நாற்காலியைத் தேய்க்கிறவரும்.

ஒரே சம்பவம், பல சொற்கள்

1562 முதல் பிரான்சில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். புராட்டஸ்டன்டான நான்காம் ஹென்றி 1589-இல் அரியணைக்கு உரியவரானார். பாரிஸ் கதவைத் திறக்கவில்லை. 1590-இல் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. 1593 ஜூலையில் செயின்ட்-டெனிஸில் கத்தோலிக்கராக மாறினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் பாரிசுக்குள் நுழைந்தார். 1598-இல் நான்ட் அரசாணையால் தம் பழைய மதத்தாருக்கு வழிபாட்டு உரிமை தந்தார்.

மதமாற்றத்தை ப்ராக்மாட்டிக் என்பவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட மதப்போர் முடிந்ததைக் காட்டுகிறார். எக்ஸ்பீடியன்ட் என்பவர், நம்பிக்கையை மகுடத்துக்கு மாற்றிக்கொண்டதைக் காட்டுகிறார். ஆப்பர்சூனிஸ்ட் என்பவருக்கு 1598 தொண்டையில் முள். காரியம் முடிந்ததும் பழைய தோழர்களை மறக்காத மனிதருக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. ‘பாலிடிக்’ என்பதன் சகோதரச் சொல் அந்நாளில் பிரான்சிலேயே கிடைத்தது: மதச் சண்டையைவிட ராஜ்யம் முக்கியம் என்றவர்களைத் தீவிரவாதிகள் ‘பொலிட்டீக்’ என்று இழிவாக அழைத்தார்கள். மெர்சினரி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஹென்றி 1572-இலும் ஒருமுறை மதம் மாறியிருந்தார். புராட்டஸ்டன்டுகளை வெட்டிச் சாய்த்த பர்த்தலமேயு நாள் படுகொலையின்போது, கழுத்தில் கத்தி இருந்தபோது. அந்த மாற்றத்துக்கு இந்த அத்தியாயத்தின் எந்தச் சொல்லும் பொருந்தாது. இவை எல்லாமே தேர்ந்தெடுக்க வழியிருந்தவர்களுக்கான சொற்கள். ‘உயிருக்கு அஞ்சி’ என்று நேராக எழுதிவிடுங்கள்.

திருப்பிப் போட்டுப் பார்க்க

கடைசியாக எதிர்த் திசையில் ஒரு பயிற்சி. ‘பிழைக்கத் தெரிந்தவன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கையில் ஒன்றுமில்லாமல் துபாய் போய் வீடு கட்டிய தம்பி மகனைப் பற்றி அத்தை இதைச் சொன்னால், ‘ரிசோர்ஸ்ஃபுல்’ போதும். அதே அத்தை, பாகப்பிரிவினையில் ரோட்டோர மனையைத் தன் பங்குக்கு வாங்கிக்கொண்ட மூத்தவரைப் பற்றி அதே இரண்டு சொற்களைச் சொன்னால் ‘ஷ்ரூட்’ என்று எழுதலாம். குரலில் கசப்பு இருந்தால் ‘கேல்குலேட்டிங்’. மேலாளருக்குப் பை தூக்கிப் பதவி உயர்வு வாங்கியவரைப் பற்றிச் சக ஊழியர் சொன்னால், பிரிட்டிஷ் வழக்கில் ‘ஆன் தி மேக்’ என்பது நெருங்கி வரும். அமெரிக்க வாசகருக்கு எழுதும்போது அதைத் தவிருங்கள். அங்கே அதற்குப் பெண்களைத் துரத்துகிறவர் என்றும் பொருள் உண்டு. பதவி உயர்வு பெற்றவர் மானநஷ்ட வழக்குப் போடுவார்.